நோட்டரி முத்திரையும் நிலத்தின் பாத்தியமும்



குடியானவருக்கு நிலமே மூலதனம். அந்நிலத்துக்கு ஆதாரம் பத்திரம். பாடுபட்டுச் சேர்த்த பணத்தைக் கொடுத்து நிலம் வாங்குபவர், பத்திரத்தில் நேரும் ஒரு பிழையால் நிலத்தையும் பணத்தையும் ஒருங்கே இழப்பதுண்டு. அப்பிழைகளுள் பெரியது, நோட்டரியின் முத்திரையைப் பதிவுக்கு ஈடாகக் கருதுவதாகும்.

ஒருவர் தமது ஒரு ஏக்கர் நன்செயை அண்டை வீட்டாருக்கு விற்கிறார் என்று கொள்க. முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் மிகுதி என்றெண்ணி, இருவரும் ஒரு முத்திரைத் தாளில் கிரயம் எழுதி, நோட்டரி வக்கீல் முன் கையொப்பமிடுகின்றனர். முழுத் தொகையும் கைமாறுகிறது. வாங்கியவர் கிணறு வெட்டிப் பயிரிடுகிறார். சில ஆண்டுகளில் விற்றவர் காலமாகிறார். பட்டா இன்னும் தகப்பனார் பேரிலேயே இருக்கக் கண்ட மக்கள், அதே நிலத்தை வேறொருவருக்குக் கிரயம் செய்து பதிந்து கொடுக்கின்றனர். அவர் வில்லங்கச் சான்று எடுத்துப் பார்த்தபொழுது, முந்திய கிரயம் அதில் காணப்படவில்லை. கிணறு வெட்டியவருக்கு மிஞ்சியது ஒரு காகிதமும் ஒரு வழக்குமே.

இதற்குக் காரணம் சட்டத்தில் தெளிவாக உள்ளது. 100 ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள ஸ்தாவரச் சொத்தின் விற்பனை பதிவு செய்த சாஸனத்தால் மட்டுமே நிறைவேறும் என்பது 1882-ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 54-ஆம் பிரிவு. கட்டாயமாகப் பதிய வேண்டிய பத்திரம் பதியப்படாவிடில் அது அச்சொத்தைப் பற்றாது என்பது 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 49-ஆம் பிரிவு. விற்பனை ஒப்பந்தம், பொது அதிகாரப் பத்திரம், உயில் ஆகிய மூன்றையும் சேர்த்து எழுதினாலும் அது கிரயம் ஆகாதென்று 2011-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

நோட்டரியின் வேலை வேறு. 1952-ஆம் ஆண்டுச் சட்டப்படி நியமனம் பெற்ற அவர், இன்னார் தம் முன் கையொப்பமிட்டார் என்று சான்றளிக்கிறார். விற்பவருக்கு அந்நிலத்தில் பாத்தியம் உண்டென்று சான்றளிப்பதில்லை. சார்பதிவாளரோ பத்திரத்தை 1-ஆம் புத்தகத்தில் ஏற்றி, சொத்தின் பேரிலும் ஆட்களின் பேரிலும் அட்டவணை வைக்கிறார். வில்லங்கச் சான்று பிறப்பது அவ்வட்டவணையிலிருந்தே.

நோட்டரி வேண்டாதவர் என்பது இதன் கருத்தன்று. பிரமாண வாக்குமூலத்துக்கும் நகல் சரிபார்ப்புக்கும் அவர் வேண்டியவரே. சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ வசிக்கும் பங்காளி, ஊரிலுள்ள நிலத்தை விற்றுப் பதிந்து கொடுக்கத் தமையனுக்கு அதிகாரம் அளிப்பதாயின், அந்நாட்டு நோட்டரி முன்போ இந்தியத் தூதரக அதிகாரி முன்போ அப்பத்திரத்தை எழுதிக் கொடுத்தல் வேண்டும். அது இந்தியாவுக்கு வந்து சேர்ந்த 3 மாதங்களுக்குள் அதற்கு முத்திரைத் தீர்வை செலுத்தவும் வேண்டும்.

ஆகவே நிலம் வாங்குவோர் கைக்கொள்ள வேண்டிய முறைகளாவன:

1. முன்பணம் கொடுக்கும் முன்பே 30 ஆண்டுகளுக்கேனும் வில்லங்கம் பார்த்தல்.

2. மூலப் பத்திரம், பட்டா, புல வரைபடம் ஆகியவற்றில் சர்வே எண்ணும் விஸ்தீரணமும் ஒத்திருக்கின்றனவா என்று பார்த்தல். மூலப் பத்திரத்தை நேரில் காட்டாதவரிடம் பணம் கொடாதிருத்தல்.

3. தமிழ்நாட்டில் 2012 முதல் விற்பனை ஒப்பந்தத்துக்கும் பதிவு கட்டாயமாதலால், அதையும் பதிந்து கொள்ளுதல்.

4. கிரயம் எழுதிய நாளிலிருந்து 4 மாதங்களுக்குள் பதிவுக்குத் தாக்கல் செய்தல். தவறினால் மேலும் 4 மாதங்கள் வரை அபராதத்துடன் அனுமதி பெறலாமாயினும், அதை நம்பியிருத்தல் தகாது.

5. பதிவு முடிந்தவுடன் பட்டா மாறுதல் பெறுதல்.

பதிவுக் கட்டணத்தை மிச்சப்படுத்தியவர் தம் நிலத்தின் பேரில் சங்கத்திலும் கடன் பெற இயலாது; பாத்தியம் அவர் பேருக்கு வரவேயில்லை. நிலத்துக்கு வரப்பு எவ்வளவு அவசியமோ, கிரயத்துக்குப் பதிவும் அவ்வளவு அவசியம். அதை அங்கத்தினர் ஒவ்வொருவரும் தம் வீட்டாருக்கும் அண்டை அயலாருக்கும் எடுத்துரைப்பாராக.