'பேங்கு' என்று சொன்னால் என்ன?

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் பேசியது)

 

எனக்குக் கொடுத்த தலைப்பு 'பெண்களும் வங்கியும்'. வட்டி, தவணை பற்றியெல்லாம் எனக்கு முன்னால் பேசியவர்கள் நன்றாகச் சொல்லிவிட்டார்கள். நான் நம்ம வாயைப் பற்றிப் பேசப் போகிறேன்.

1989-ல் தர்மபுரியில்தான் நம் மாநிலத்தின் மகளிர் குழுத் திட்டம் தொடங்கியது. 1992-ல் நபார்டு குழுக்களை வங்கியோடு இணைக்க ஆரம்பித்தது. அதற்குப் பிறகு எத்தனை இங்கிலீஷ் வார்த்தை நம் வாயில் ஏறியிருக்கு பாருங்க! பேங்கு, லோனு, பாஸ்புக்கு, ஆடிட்டு, ஏஜெண்டு, இஸ்டேட்மெண்டு. நாம் இப்படிச் சொன்னால் சில பேர் சிரிக்கிறார்கள். கவுண்டரில் சிரிக்கிறார்கள், பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் சிரிக்கிறார்கள். நாம் பெத்த பிள்ளைகளே, "அம்மா, அது இஸ்கூல் இல்லம்மா, ஸ்கூல்" என்று திருத்துகிறார்கள்.

படிக்காததால்தான் நமக்கு இப்படி வருகிறது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். அது சரியில்லை. நாம் தமிழ் பேசிப் பழகிய வாயோடு இங்கிலீஷைப் பேசுகிறோம். அதுதான் காரணம்.

எல்லோரும் ஒருமுறை சத்தமாகச் சொல்லிப் பாருங்க. சங்கு, நுங்கு, பங்கு. இப்ப பேங்கு. ஒரே மாதிரி வருதா? பாம்பு, கரும்பு, வேம்பு. இப்ப கேம்பு, பம்பு செட்டு. நண்டு, வண்டு, சுண்டு. இப்ப ஏஜெண்டு, கவர்மெண்டு. தமிழில் மெல்லின எழுத்துக்குப் பின்னால் வரும் வல்லினம் மெதுவாகத்தான் ஒலிக்கும். இங்கிலீஷ்காரர் 'பேங்க்' என்று சொல்லும்போது கடைசி எழுத்து கல்லில் தட்டின மாதிரி அழுத்தமாக விழும். நாம் அதைச் சங்கு, நுங்கு வரிசையில் கொண்டுபோய் உட்கார வைத்துவிட்டோம்.

கடைசியில் 'உ' எங்கிருந்து வந்தது? பத்தாவது வரைக்கும் படித்தவர்களுக்கு இலக்கணப் பாடம் ஞாபகம் இருக்கும். தமிழில் எந்தச் சொல்லும் க், ச், ட், த், ப், ற் என்ற வல்லின மெய்யில் முடியாது. அதனால் ஒரு 'உ'வைச் சேர்த்துவிடுகிறோம். 'பாஸ்புக்' பாஸ்புக்கு ஆகிறது, 'ஆடிட்' ஆடிட்டு ஆகிறது. அந்தப் பழக்கத்திலேயே 'லோன்' கூட லோனு ஆகிவிடுகிறது. அதே மாதிரி எந்தச் சொல்லும் தனி மெய்யெழுத்தில் தொடங்காது. அதனால் 'ஸ்கூல்' முன்னால் ஒரு 'இ' வந்து இஸ்கூல் ஆகிறது. இதை யாரும் உட்கார்ந்து யோசித்துச் செய்யவில்லை. எழுதப் படிக்கத் தெரியாத ஆத்தாவின் நாக்குக்குக்கூட இந்த இலக்கணம் தெரிந்திருக்கிறது!

'ஃ' போட்டு எழுதுகிறோமே, அந்த இங்கிலீஷ் ஒலி நம்மிடம் இல்லை. அதற்குப் பதில் 'ப' சொல்லுகிறோம். அதனால்தான் நம் வீட்டில் தலைக்கு மேலே சுற்றுவதும் பேன், தலைக்குள்ளே ஊறுவதும் பேன். குடிக்கிறதும் காபி, ஜெராக்ஸ் எடுக்கிறதும் காபி.

என் நாத்தனார் மகள் கல்லூரியில் இங்கிலீஷ் படிக்கிறாள். நமக்கு மட்டும்தான் இப்படியா என்று அவளிடம் கேட்டேன். "இல்லத்தை, ஸ்பெயின் நாட்டுக்காரங்களும் முன்னால ஒரு 'எ' சேர்த்து 'எஸ்கூல்'னுதான் சொல்லுவாங்க. ஜப்பான்காரங்க ஐஸ்கிரீமை 'ஐசு குரீமு'ம்பாங்க" என்றாள். அவர்கள் நாட்டில் விமானம் கட்டுகிறார்கள், ரயில் விடுகிறார்கள். வாயில் இங்கிலீஷ் வேறு மாதிரி வந்ததால் அவர்கள் அறிவு குறைந்துபோகவில்லை.

இங்கிலீஷ் எழுத்தும் சும்மா இல்லை, நம்மை ஏமாற்றும். புதன்கிழமையை 'வெட்னெஸ்டே' என்று எழுத்துக்கூட்டிவிட்டு 'வென்ஸ்டே' என்று படிக்கணும். கடனுக்கு 'டெட்' என்று ஒரு வார்த்தை இருக்கிறது. அதன் நடுவில் ஏ, பி, சி, டியில் வரும் 'பி' எழுத்து இருக்கும், ஆனால் சொல்லக்கூடாது. அந்தக் காலத்தில் லத்தீன் படித்தவர்கள் கொண்டுவந்து சொருகிய எழுத்தாம் அது. கரும்பலகையைப் பார்த்து இங்கிலீஷ் படித்தவர்கள் நாம். எழுதியிருக்கிறபடி படித்தால் அது நம் குற்றமா?

இன்னொன்றும் யோசித்துப் பாருங்க. வெள்ளைக்காரர்கள் நம் ஊருக்கு வந்தபோது தூத்துக்குடி அவர்கள் வாயில் 'டூட்டிகோரின்' ஆனது. திருவல்லிக்கேணி 'டிரிப்ளிகேன்' ஆனது. எழும்பூர் 'எக்மோர்' ஆனது. நம் கட்டுமரத்தைக் 'கேட்டமரான்' என்றும், சுருட்டைச் 'செரூட்' என்றும், மிளகுத்தண்ணியை 'மல்லிகடானி' என்றும் அவர்கள் அகராதியிலேயே போட்டுக்கொண்டார்கள். யாராவது சிரித்தோமா? அவர்கள் சொன்னதை நாம்தான் போர்டில் எழுதி வைத்தோம்.

இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், இந்தச் சிரிப்பால் நமக்குப் பணம் போகிறது. எங்கள் குழுவில் ஒரு அக்கா. ஒருநாள் கவுண்டரில் "இஸ்டேட்மெண்டு வேணும் சார்" என்று கேட்டார்கள். உள்ளே இருந்தவர் அதையே திருப்பிச் சொல்லிக் காட்டிச் சிரித்தார். வரிசையில் நின்றவர்களும் சிரித்தார்கள். அன்றிலிருந்து அந்த அக்கா கவுண்டரில் வாயைத் திறப்பதில்லை. பாஸ்புக்கில் பணம் பிடித்திருப்பதைப் பார்த்தும் கேட்கவில்லை. குழுக் கூட்டத்தில் பாஸ்புக்கை வாங்கிப் பார்த்தபோதுதான் எங்களுக்கே தெரிந்தது. தனக்கே தெரியாத ஒரு இன்சூரன்சுக்கு இரண்டு வருஷமாக அவர்கள் கணக்கில் பணம் பிடித்திருக்கிறார்கள். நாங்கள் நாலு பேர் சேர்ந்துபோய் எழுதிக் கொடுத்து நிறுத்தினோம். ஆனால் போன பணம் போனதுதான்.

அதனால் மூன்று விஷயம் சொல்கிறேன், மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்று, இங்கிலீஷ் வார்த்தை வாயில் வரவில்லை என்றால் தமிழில் கேளுங்கள். "கணக்கு விவரம் குடுங்க, இந்தப் பணம் எதுக்குப் பிடிச்சீங்க" என்றால் போதும். நுண்கடன் ஒப்பந்தமும் கடன் அட்டையும் வாங்குகிறவருக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2022-ல் விதியே போட்டிருக்கிறது. இது நாம் கேட்கிற சலுகை இல்லை, நம் உரிமை.

இரண்டு, தொகை பேசும்போது மட்டும் கவனம் வேண்டும். 'பிப்டீன்', 'பிப்டி' இரண்டும் போனில் ஒரே மாதிரி கேட்கும். பதினைந்தாயிரமா, ஐம்பதாயிரமா என்று தமிழில் கேட்டு, எழுதிக் காட்டச் சொல்லுங்கள். மாத்திரை வாங்கப் போனாலும் பேரைச் சொல்லித் தடுமாற வேண்டாம், பழைய அட்டையை எடுத்துக்கொண்டு போய்க் காட்டுங்கள்.

மூன்று, நம் குழுக் கூட்டத்தில் ஒருத்தி சொல்கிற வார்த்தைக்கு இன்னொருத்தி சிரிக்கக் கூடாது. வெளியில் சிரிப்பவர்களை நாம் தடுக்க முடியாமல் போகலாம். நமக்குள்ளே இதைத் தீர்மான நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட முடியும். எங்கள் குழுவில் போட்டுவிட்டோம். உங்கள் குழுவிலும் அடுத்த கூட்டத்திலேயே போடுங்கள்.

சரியான இங்கிலீஷ் கற்றுக்கொள்ள ஆசைப்படுகிறவர்கள் நன்றாகக் கற்றுக்கொள்ளட்டும். பிள்ளைகளிடம் கேட்டுப் படிப்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை. ஆனால் அதைக் கற்றுமுடிக்கிற வரைக்கும் கேள்வி கேட்காமல் காத்திருக்க வேண்டாம். பேங்கு என்றே சொல்லுங்கள், லோனு என்றே கேளுங்கள். வாங்கினதை ஒழுங்காகக் கட்டுகிறவர்கள் நாம்.