அயல்நாட்டில் ஒரு மொழியாசிரியர்



மொழியாசிரியர் என்றால் கற்பிப்பவர் அவர், கற்பவர் மாணவர் என்றே நாம் எண்ணிப் பழகிவிட்டோம். ஆனால் அந்த ஆசிரியர் வேற்று நாட்டில் வேலை பார்ப்பவராக இருந்தால், வகுப்பறை வாசலைத் தாண்டியதுமே அவர் மாணவராகிவிடுகிறார். கடைத்தெருவில் விளையாடும் சிறு பிள்ளைக்குத் தெரிந்த சொல்கூட அவருக்குத் தெரியாது. அப்படி வாழ்ந்து, அந்த வாழ்வை எழுதியும் வைத்த ஒருவரைப் பற்றி இன்று சிந்திப்போம்.

அவர் பெயர் லாஃப்கேடியோ ஹெர்ன். 1850-ஆம் ஆண்டில் கிரேக்கத் தீவு ஒன்றில் பிறந்தவர். தந்தை அயர்லாந்துக்காரர், தாய் கிரேக்க மாது. இளமையிலேயே பெற்றோரைப் பிரிந்து, பதினாறாம் வயதில் இடக்கண் பார்வையையும் இழந்தார். அமெரிக்காவில் பத்திரிகையாளராக உழைத்தபின், 1890 ஏப்ரலில் ஜப்பானில் வந்து இறங்கினார். அவ்வாண்டிலேயே மட்சுயே என்னும் ஊரின் பள்ளியில் ஆங்கில ஆசிரியராக அவருக்கு வேலை கிடைத்தது.

அந்த ஊருக்குப் போக அவர் மனிதர் இழுக்கும் ரிக்‌ஷா வண்டியில் நான்கு நாள் மலைகளைக் கடந்து சென்றார். வழியில் ஒரு சிற்றூரில், இறந்தோரை நினைந்து கிராமத்தார் இரவில் ஆடும் போன் நடனத்தைக் கண்டார். பயணம் என்றால் புகழ்பெற்ற கட்டடங்களைப் பார்ப்பது என்று அவர் எண்ணவில்லை. மக்கள் எதற்காகக் கூடுகிறார்கள், எதை வணங்குகிறார்கள் என்று பார்த்தார்.

மட்சுயேயின் காலைப்பொழுதை அவர் எழுதியிருக்கும் விதம் நம் மனத்தைத் தொடுவது. அங்கே விடியலில் முதலில் காதில் விழுவது நெல் குத்தும் உலக்கையின் ஓசை. அதை அவர் நிலத்தின் நாடித்துடிப்பாகக் கேட்டார். பிறகு கோயில் மணி. அதன்பின் முள்ளங்கி விற்பவர், விறகு விற்பவர் ஆகியோரின் கூவல். அடுத்து, உதயசூரியனை நோக்கிக் கைதட்டி வணங்கும் மக்கள். மொழி புரியாத ஒருவருக்குக் காதுதான் முதல் பாடநூல் என்பதை இதிலிருந்து நாம் அறிகிறோம்.

இனி, உறவுகளைப் பார்ப்போம். ஓர் ஆங்கில ஆசிரியரின் நாட்குறிப்பு என்ற தலைப்பில் அவர் எழுதிய கட்டுரை, 1894-இல் வெளிவந்த நூலில் உள்ளது. அதில் நோயுற்ற மாணவன் ஒருவனைப் பற்றிச் சொல்கிறார். சாகும் தறுவாயில் அந்தப் பையன் தன் பள்ளியை மீண்டும் ஒருமுறை பார்க்க ஆசைப்பட்டான். குளிர் மிகுந்த இரவு அது. வீட்டு வேலையாள் அவனைச் சுமந்து சென்று, வெளியிலிருந்தே பள்ளிக் கட்டடத்தைக் காட்டினார். தன் வகுப்பறையின் சன்னல்களைக் கண்டு அவன் மகிழ்ந்தான். ஆசிரியத் தொழிலில் இருக்கும் நாம் இதைப் படித்தால், நாளைய வகுப்புக்குச் சற்று முன்னதாகவே போய்ச் சேர வேண்டும் என்று தோன்றும்.

மட்சுயேயில் ஹெர்னுக்குத் துணையாக அமைந்தவர் செட்சு என்னும் மங்கை. நொடித்துப்போன சாமுராய்க் குடும்பத்தில் பிறந்தவர். அம்மையாருக்கு ஆங்கிலம் தெரியாது. ஹெர்னுக்கோ ஜப்பானிய மொழி அரைகுறை. ஆகவே இருவரும் தங்களுக்கென ஒரு பேச்சை உண்டாக்கிக்கொண்டார்கள். சொற்கள் ஜப்பானியச் சொற்கள். ஆனால் உருபுகள் இல்லை, வினை விகுதிகள் இல்லை. இலக்கண ஆசிரியர் பார்த்தால் சிவப்பு மையால் அடித்துத் தள்ளிவிடுவார். எனினும் அந்தப் பேச்சிலேயே குடும்பம் நடந்தது, கடிதங்கள் போயின, பிள்ளைகள் வளர்ந்தனர். செட்சு ஆங்கிலச் சொற்களைத் தம் மொழியின் எழுத்திலேயே குறிப்பேட்டில் எழுதி வைத்துப் பயின்றார்.

பழங்கதைகளைச் செட்சு சொல்வார். ஹெர்ன் கேட்டு ஆங்கிலத்தில் எழுதுவார். ஏட்டைப் பார்த்து வாசிக்கக் கூடாது, உன் சொல்லில், உன் எண்ணத்தில் சொல்ல வேண்டும் என்பது அவர் விதித்த நிபந்தனை. அப்படிப் பிறந்த கதைகள் பல இடம்பெற்ற நூல்தான் 1904-இல் வெளியான குவைடான்.

இதனால் அவருடைய வாழ்க்கை முழுவதும் தேனாக இருந்தது என்று எண்ணிவிடக் கூடாது. 1891-இல் குமமோட்டோ நகரின் பள்ளிக்கு மாறியபோது, மட்சுயேயில் கண்ட நெருக்கம் அங்கே கிடைக்கவில்லை. நண்பர்களுக்கு எழுதிய கடிதங்களில் ஒருநாள் ஜப்பானைப் புகழ்வார். மற்றொரு நாள் சலித்துக்கொள்வார். விருந்தாளிக்கு எல்லாம் அழகாகத் தெரியும். குடியிருப்பவனுக்குத்தான் குறையும் தெரியும். குறை தெரிந்த பிறகும் அவர் அங்கேயே இருந்தார் என்பதே நாம் கவனிக்க வேண்டியது. 1896-இல் ஜப்பானியக் குடியுரிமை பெற்று, மனைவியின் குடும்பப் பெயரோடு கொய்சுமி யாக்குமோ ஆனார். தமக்குப் பின் மனைவி மக்களின் உரிமைக்குப் பாதுகாப்பு வேண்டும் என்பது அதற்கு முக்கிய காரணம்.

அதே ஆண்டில் தோக்கியோ இம்பீரியல் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம் கற்பிக்கத் தொடங்கினார். மாணவர்கள் எழுதிக்கொள்ளும் வகையில் நிறுத்தி நிதானமாகச் சொல்வது அவர் வழக்கம். 1903-இல் அந்தப் பணி முடிவுற்றபோது மாணவர்கள் எதிர்ப்புத் தெரிவித்தனர். அவருக்குப்பின் அங்கே கற்பிக்க வந்தோரில் ஒருவர், பின்னாளில் புகழ்பெற்ற நாவலாசிரியர் நட்சுமே சொசெக்கி. 1904 செப்டம்பரில் ஹெர்ன் காலமானார். அவருடைய விரிவுரைகள் பிறகு நூல்களாயின. மாணவர்கள் எழுதி வைத்த குறிப்புகளே அவற்றுக்கு மூலம்.

நேயர்களே, நம் பிள்ளைகள் வீட்டில் ஒரு மொழி, பள்ளியில் ஒரு மொழி, கடையில் மற்றொரு மொழி என்று வளர்கிறவர்கள். பிழை வந்துவிடுமோ என்று அஞ்சி, கேட்ட கேள்விக்கு வாய் திறவாத பிள்ளைகளை நாம் அன்றாடம் காண்கிறோம். இலக்கணம் தேவைதான்; அதைக் கற்பிக்கவே நாம் இருக்கிறோம். ஆனால் பேச விரும்பும் பிள்ளைக்குத்தான் இலக்கணம் பயன்படும். பேச வேண்டும் என்ற ஆசையை உண்டாக்குவது, பொறுமையுடன் கேட்கும் இன்னொரு மனிதர்தான். ஆகவே, தாய்மார்களே, தந்தைமார்களே, இன்றிரவு உங்கள் பிள்ளையை அருகில் அமர்த்தி ஒரு கதை சொல்லச் சொல்லுங்கள். புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, சொந்தச் சொல்லில் சொல்லட்டும். கதை முடியும்வரை திருத்தாமல் கேளுங்கள்.