மழைக் கணக்கு நம் கையில் இருக்க வேண்டும்

(பதுளை மாவட்டத் தோட்டத் தலைவர்கள், மாதர் தலைவிகள், இளைஞர்கள் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



சம்பளம் பற்றியும் பேர் பற்றியும் நாம் எத்தனையோ முறை கூடிப் பேசியிருக்கிறோம். இன்று மழையைப் பற்றிப் பேசுவோம். மழைக்கும் சங்கத்துக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் நினைக்கலாம். மழை பெய்தால் கொழுந்து. மழை பொய்த்தால் வேலை குறைவு. மழை கூடினால் லயத்துக்குப் பின்னால் நிற்கும் மலையைப் பார்த்துப் பயம். நம் வயிறும் உயிரும் மழையோடு கட்டிக் கிடக்கும்போது அது சங்கத்தின் பிரச்சினைதான்.

முதலில் நம் பக்கத்து மழையின் போக்கைத் தெரிந்துகொள்வோம். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை ஹட்டன், நோர்வூட், மஸ்கெலியாப் பக்கம் கொட்டித் தீர்க்கிறது. அந்தக் காற்று நடுமலையைத் தாண்டி ஊவாவுக்கு வரும்போது ஈரத்தை இழந்து காய்ந்த காற்றாக வருகிறது. அதுதான் நம் கச்சான் காற்று. ஜூலை முதல் செப்டெம்பர் வரை பறிக்கும் ஊவாத் தேயிலைக்கு உலகச் சந்தையில் தனிப் பெயர் உண்டு. அந்த மணத்தைக் கொடுப்பது இந்தக் காய்ந்த காற்று. அதே மாதங்களில்தான் நம் பீலிகள் நூல்போல ஒழுகுகின்றன. கொழுந்துக்குப் பெயர் கிடைக்கும் காலத்தில், அதைப் பறிக்கும் தாய்மார் குடத்தோடு வரிசையில் நிற்கிறார்கள்.

நமக்கு மழை ஒக்டோபரில் பின்னேர இடிமழையாகத் தொடங்குகிறது. நவம்பரில் வலுக்கிறது. டிசெம்பர், ஜனவரியில் வடகிழக்குப் பருவமழை பெய்து, பெப்ரவரியில் தணிகிறது. மார்ச், ஏப்ரலில் மீண்டும் இடிமழை. ஆகவே ஒக்டோபர் முதல் ஜனவரி வரை நமக்குத் தண்ணீரும் அப்போதுதான், ஆபத்தும் அப்போதுதான்.

பெய்த மழை எங்கே போகிறது? பதுளு ஓயா துன்ஹிந்தவில் விழுந்து மகாவலியோடு சேர்கிறது. உமா ஓயாவும் மகாவலிக்கே போகிறது. கதிர்காமத்தில் நாம் முழுகும் மாணிக்க கங்கை நமுனுகுல மலைத்தொடரில் பிறக்கிறது. கிரிந்தி ஓயா வெல்லவாய வழியாகத் தெற்கே வயல்களுக்குப் பாய்கிறது. கீழ்நாட்டுக்குச் சோறும் மின்சாரமும் கொடுக்கும் தண்ணீர் நம் மலையிலிருந்து போகிறது. நம் லயத்துக்கு மட்டும் நல்ல குழாய்த் தண்ணீர் இன்னும் எல்லா இடத்துக்கும் வந்து சேரவில்லை.

ஆற்றுக்கு ஓடாமல் மண்ணுக்குள் இறங்கும் மழைதான் பீலித் தண்ணீர். மாரியில் இறங்கிய நீரையே நாம் கச்சான் காலத்தில் குடிக்கிறோம். ஊற்றுக்கு மேலே மரமும் புல்லும் இருந்தால் மழை மெதுவாக இறங்கும். மேலே மொட்டையாக இருந்தால் மழை மண்ணையும் அள்ளிக்கொண்டு ஓயாவுக்கு ஓடிவிடும். நிலத்தடி நீர் கண்ணுக்குத் தெரியாது என்பதால் அதை யாரும் மதிப்பதில்லை. 2014 டிசெம்பரில் உமா ஓயாத் திட்டத்துக்காகச் சுரங்கம் தோண்டியபோது உள்ளே நீர் பீறிட்டது. பண்டாரவளைப் பக்கம் கிணறுகளும் ஊற்றுகளும் வற்றின, வீட்டுச் சுவர்கள் வெடித்தன. அடியில் இருந்த நீர் எவ்வளவு என்று அப்போதுதான் பலருக்குப் புரிந்தது.

இதே நிலத்தடி நீர் கூடினால் மலையையே தள்ளிவிடும். பல நாள் மழையில் மண் நீரைக் குடித்துக் கனக்கிறது. உள்ளே தேங்கிய நீர் மண்ணின் பிடியைத் தளர்த்துகிறது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போயின. பள்ளிக்கூடம் போயிருந்த பிள்ளைகள் திரும்பி வந்தபோது சிலருக்குத் தாயும் இல்லை, தகப்பனும் இல்லை. அந்த மலை ஆபத்தானது என்று 2005லும் 2011லும் எச்சரிக்கை வந்திருந்தது. போவதற்கு வேறு வீடு கட்டிக் கொடுக்காமல் “எழும்பிப் போங்கள்” என்று மட்டும் சொன்னால் தொழிலாளி எங்கே போவான்? 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோதும் இதே மலைகளில்தான் மண் சரிந்தது.

தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் சொல்லும் அளவை எல்லோரும் மனப்பாடம் செய்ய வேண்டும். 24 மணித்தியாலத்தில் மழை 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் விழிப்பாக இருக்க வேண்டும். 100ஐத் தாண்டினால் மூட்டை கட்டித் தயாராக வேண்டும். 150ஐத் தாண்டினால், அல்லது ஒரே மணித்தியாலத்தில் 75 பெய்தால், ஆபத்தான சரிவில் இருப்பவர்கள் உடனே வெளியேற வேண்டும். அளவு வருமுன்பே மலை அடையாளம் காட்டலாம். பீலித் தண்ணீர் திடீரென்று கலங்கும், அல்லது நின்றுபோகும். இல்லாத இடத்தில் ஊற்று கிளம்பும். மரம் சாயும், நிலமும் சுவரும் வெடிக்கும். இவற்றில் ஒன்றைக் கண்டாலும் யாருடைய உத்தரவுக்கும் காத்திருக்காமல் இறங்குங்கள். 117க்கு அழைத்து அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்குச் சொல்லுங்கள்.

மழையை அளக்கப் பெரிய கருவி வேண்டாம். நேரான பக்கமுள்ள பிளாஸ்டிக் போத்தலின் மேல்பகுதியை வெட்டி, அதையே தலைகீழாகப் புனலாக வையுங்கள். அடியில் கூழாங்கல் போட்டு, பக்கம் நேராகும் இடம் வரை தண்ணீர் ஊற்றிக் கோடு போடுங்கள். அந்தக் கோடுதான் பூச்சியம். கூரையும் மரமும் மறைக்காத இடத்தில் நட்டு, தினமும் காலை எட்டரைக்கு அடிமட்டத்தால் அளந்து எழுதிவிட்டு, தண்ணீரை மறுபடி கோட்டுக்குக் கொண்டுவாருங்கள். விடாமழை நாளில் மணிக்கொரு தடவை பாருங்கள். நம் பள்ளிக்கூடத்து ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இது விளையாட்டுப்போல வரும்.

பல தோட்ட ஆபீசுகளில் மழைமானி இருக்கிறது. உரம் போடவும் கொழுந்துக் கணக்குப் பார்க்கவும் அந்த அளவு துரைக்குப் போகிறது. மழைக்கு அடியில் படுக்கிற நமக்கு அது வருவதில்லை. ஆகவே ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் நிர்வாகத்திடம் எழுத்தில் கேட்க வேண்டியவை: தினசரி மழை அளவைப் பிரட்டுக்களத்தில் பலகையில் எழுத வேண்டும். மாரிக்கு முன் லயத்து மேல்கான்களை வெட்டித் துப்புரவாக்க வேண்டும். குடிநீர் ஊற்றுக்கு மேலே மருந்து அடிப்பதும் மரம் தறிப்பதும் நிற்க வேண்டும். சிவப்பு அளவு வந்த நாளில் மலைக்கு ஆள் அனுப்பக்கூடாது, அந்த நாளின் பேரும் வெட்டக்கூடாது. ஆபத்தான இடம் என்று குறித்த லயங்களுக்குப் பாதுகாப்பான இடத்தில் காணியும் வீடும் வேண்டும்.

வருகிற ஒக்டோபர் முதலாந் திகதி ஒவ்வொரு டிவிசனிலும் ஒரு போத்தல் நட வேண்டும், ஒரு கொப்பி திறக்க வேண்டும். மழை அளவோடு, பீலியில் ஒரு குடம் நிறைய எவ்வளவு நேரம் எடுக்கிறது என்றும் வாரம் ஒருமுறை எழுதுங்கள். ஜனவரிக் கூட்டத்துக்கு அந்தக் கொப்பிகளோடு வாருங்கள். கணக்கை மேசையில் வைத்து நிர்வாகத்தோடு பேசுவோம்.