மதிலைத் திறந்த குரல்கள்



குற்றஞ்செய்த சிறுவனைத் திருத்துவதாகச் சொல்லி மதிலுக்குள் பூட்டிவைக்கும் வழக்கம் அமெரிக்காவில் வேரூன்றிய இடங்களுள் முதன்மையானது மாசச்சூசெட்சு மாநிலம். வெசுட்டுபரோ என்னும் ஊரில் 1848-இல் திறக்கப்பட்ட பள்ளியே, அந்நாட்டில் மாநில அரசொன்று நடத்திய முதற் சீர்திருத்தப் பள்ளி. பின்னாளில் அதற்கு இலைமன் பள்ளி என்று பெயர். பெயர்ப்பலகையில் சீர்திருத்தம் இருந்தது. உள்ளே இருந்தனவோ அடியும், தனியறைப் பூட்டும், வாய்திறவா அணிநடையும்! வண்டி திருடியவனோடு, வீட்டைவிட்டு ஓடியதன்றி வேறு பிழை அறியாதவனும் அங்கு அடைபட்டான்.

1969-இல் இளையோர் பணித்துறையின் ஆணையராக வந்தார் செரோம் மில்லர். பள்ளிகளை உள்ளிருந்தே திருத்திவிடலாம் என்றுதான் அவரும் முதலில் நம்பினார். சிறுவர் தலையை மழிக்கலாகாது, அவர்கள் தம் உடையை உடுத்தலாம், எவரையும் அடிக்கலாகாது. இவ்வளவே ஆணை. இதற்கே பழைய பணியாளர் பலர் சீறினர். தாளில் ஆணை இருக்க, ஓங்கிய கை ஓங்கியபடியே இருந்தது.

உள்ளே நடப்பதை உள்ளே கிடப்பவனன்றி வேறு யார் சொல்வது? மில்லர் சிறுவர்களையே இதழாளர் முன்னும் பொதுமக்கள் முன்னும் பேசவைத்தார். ஆளுநர் சார்சென்டின் துணைவியாரும் நேரிற் சென்று அவர்கள் வாய்மொழியைக் கேட்டார். அறிஞர் அறிக்கைகள் அசைக்காத மதிலை அச்சிறுவர் பேச்சு அசைத்தது.

1972 சனவரியில் இலைமன் பள்ளி வாயிலில் மகிழுந்துகள் வரிசையாய் வந்து நின்றன. ஏறத்தாழ நூறு சிறுவர், ஆமர்சுட்டு நகரிலுள்ள பல்கலைக்கழகத்துக்கு அழைத்துச் செல்லப்பட்டனர். அங்கு ஒருதிங்கள் அளவு அவர்களோடு உடனுறைந்தவர்கள் காவலர் அல்லர்; கல்லூரி மாணவர்! தம்மினும் சில ஆண்டே இளைய அச்சிறுவர்க்குத் துணையாய் நின்று, இனி எங்கு வாழ்வது, என்ன கற்பது என்பதை அவர்களோடே கலந்து பேசினர். சிலர் ஓடியும் போயினர், அதை மறைப்பதற்கில்லை. எஞ்சியோருட் பெரும்பாலோர் தம் வீட்டுக்கோ, வளர்ப்புக் குடும்பத்துக்கோ, சிறு இல்லங்களுக்கோ சென்றனர். நூற்றாண்டுக்கு மேல் நின்ற பள்ளி வெறுமையாயிற்று.

பூட்டைத் திறந்ததோடு பணி முடிந்ததா? இல்லை. ஆர்வர்டு பல்கலைக்கழகத்தில் இலாயிடு ஓலின் தலைமையில் நடந்த ஆய்வு, மாநிலம் முழுமைக்கும் கணக்கிட்டால் மீண்டும் குற்றத்தில் விழுவோர் தொகை குறைந்துவிடவில்லை என்றே கண்டது. ஆனால், பல்வகைத் துணைப்பணிகளை ஊரார் செவ்வையாய் அமைத்த வட்டாரங்களில் அத்தொகை குறைந்திருந்தது. சிறுவனை வெளியே விட்டுக் கைகழுவிய இடங்களில் பழைய நிலையே.

மில்லர் 1973-இல் மாநிலத்தை விட்டு அகன்றார். எதிர்ப்பு ஓயவில்லை. எனினும், மூடிய அப்பள்ளிகளை மாசச்சூசெட்சு மீண்டும் திறக்கவில்லை.