ஒளி குறையும் காலமும் உள்ளச் சோர்வும்

(ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



யாழ்ப்பாணத்தில் வாழும் நாம் பகற்பொழுதின் நீளத்தைப் பற்றிச் சிந்திப்பதேயில்லை. மார்கழிப் பகலுக்கும் ஆனிப் பகலுக்கும் இங்கே உள்ள வித்தியாசம் ஏறக்குறைய ஒரு மணி நேரமே. நம்மவர் பலர் குடியேறியுள்ள நோர்வே நாட்டின் நிலையோ வேறு. ஒஸ்லோ நகரில் மார்கழிப் பகல் ஏறக்குறைய 6 மணி நேரம். ஆனிப் பகல் ஏறக்குறைய 19 மணி நேரம். வடக்கேயுள்ள துறொம்சோ நகரில் நவம்பர் இறுதி முதல் ஜனவரி நடுப்பகுதி வரை சூரியன் உதிப்பதேயில்லை.

இவ்வொளி மாற்றம் மனிதனை எங்ஙனம் தாக்குகின்றது? நமது மூளையினுள்ளே ஒரு கடிகாரம் உண்டு. கண்வழியே புகும் காலை வெளிச்சம் அதனை நாள்தோறும் சரிசெய்கின்றது. இருள் சூழ்ந்ததும் கூம்புச் சுரப்பியானது மெலற்றோனின் என்னும் பொருளைச் சுரந்து, இரவு வந்ததென உடலுக்கு அறிவிக்கின்றது. விடியல் பிந்தும் மாரியிலே பலருக்கு அக்கடிகாரமும் பிந்துகின்றது. எழவேண்டிய வேளையில் நித்திரை கலைவதில்லை.

துன்பம் நித்திரையோடு நின்றுவிடுவதுமில்லை. மாரிதோறும் மனஞ்சோர்ந்து, கோடையில் குணமடையும் 29 பேரைப் பற்றி அமெரிக்க வைத்தியர் நோர்மன் றொசென்தாலும் அவர்தம் சகாக்களும் 1984 இல் எழுதினர். இத்தகையோர் மிகுதியாக உறங்குவர்; மாப்பொருள் உணவை நாடுவர்; பிறரைவிட்டு ஒதுங்குவர். வடநாட்டார் எல்லோரையும் இது பீடிப்பதில்லை. பீடிக்கப்பட்டவரோ மனவுறுதி அற்றவர் அல்லர்.

ஆகவே நாம் வற்புறுத்த விரும்புவது ஒன்றுண்டு. வெளிநாடு சென்ற பிள்ளை மாரியிலே வீட்டாருடன் பேசாதிருந்தால், "காசைக் கண்டதும் பெற்றோரை மறந்தான்" என்று இங்கிருந்தே தீர்ப்புக் கூறுதல் தகுமா? ஒளிக்குறைவும் அதற்கொரு காரணமாய் இருக்கலாமன்றோ? "ஏன் காசு அனுப்பவில்லை?" என்பதற்கு முன், "தம்பி, நித்திரை எப்படி? பகலில் வெளியே போகிறாயா?" என்று கேட்போமாக.

இதற்குப் பரிகாரமும் உண்டு. மேகம் மூடிய பகலிலும் வீட்டு விளக்கைவிட வெளியேயுள்ள வெளிச்சம் பன்மடங்கு அதிகம். ஆதலால் பகலில் நடத்தல் நன்று. 10,000 லக்ஸ் ஒளி தரும் விளக்கின் முன்னே காலையில் அரைமணி நேரம் இருக்குமாறு வைத்தியர்கள் கூறுவதுமுண்டு. சோர்வு நீடிப்பின் வைத்தியரை நாடுதல் அவசியம், அதில் வெட்கமில்லை.

நோர்வேயின் றியுக்கான் என்னும் பள்ளத்தாக்கு ஊரில் ஏறக்குறைய அரையாண்டு வெயில் படுவதில்லை. 2013 இல் மலைமேல் மூன்று பெரிய கண்ணாடிகளை நிறுத்தி, ஊர்ச் சதுக்கத்திற்கு வெயிலை இறக்கினர். தூரத்திலிருக்கும் நாம் அன்பான ஒரு வார்த்தையையேனும் அனுப்புவோமாக.