பல்கலைக்கழகத்துக் குப்பையும் எங்கள் ஒப்பந்தமும்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் ஒரு குழுவின் ஊக்குநர் ஆற்றிய உரை)

 

"பசுமை வளாகம்" என்ற தலைப்பில் பேசச் சொன்னார்கள். மரம் நடுவதைப் பற்றியும் சோலார் பற்றியும் பேச நிறையப் படித்தவர்கள் இருக்கிறார்கள். எங்கள் குழுவில் 12 பேர் மூன்று வருஷமாக, ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் பல்கலைக்கழகத்தில் குப்பை தரம் பிரிக்கிறோம். எனக்குத் தெரிந்தது அந்தக் குப்பைதான். அதைப் பற்றியே பேசுகிறேன்.

பல்கலைக்கழகம்னா ஒரு சின்ன ஊர் மாதிரி. விடுதி மெஸ்ஸில் மிஞ்சிய சோறு, காய்கறித் தோல். அலுவலகத்தில் காகிதம், அட்டைப்பெட்டி. ரோடு முழுக்கச் சருகு. தனித்தனியாக இருந்தால் இதில் எதுவுமே குப்பை இல்லை. சோறும் தோலும் சருகும் சேர்ந்தால் உரம். காகிதமும் அட்டையும் பழைய பேப்பர் கடைக்குப் போனால் காசு. எல்லாத்தையும் ஒரே பையில் போட்டுக் கட்டினால்தான் குப்பை. சாம்பார் பட்ட காகிதத்தைக் கடைக்காரர் வாங்கமாட்டார். பிளாஸ்டிக் கலந்த சோற்றை உரக்குழியில் போட முடியாது.

உரம் போடுவது பெரிய வித்தை இல்லை, நம் பாட்டிமார் எருக்குழியில் செய்ததுதான். ஈரக் குப்பை மட்டும் போட்டால் நாறும், புழு வைக்கும். சருகு மட்டும் போட்டால் மாதக்கணக்கில் மக்காது. ஒரு கூடை ஈரக் குப்பைக்கு இரண்டு மூன்று கூடை சருகு, பழைய உரத்தில் ஒரு கை, காற்றுப் போக அடிக்கடி கிளறி விடுவது. கையில் பிடித்தால் பிழிந்த துணி மாதிரி ஈரம் இருக்கணும், தண்ணீர் சொட்டக்கூடாது. இரண்டு மாதத்தில் மண் வாசனை வந்துவிடும். முன்பு அந்த வளாகத்தில் சருகைக் கூட்டி நெருப்பு வைப்பார்கள். இப்போது ஒரு இலையைக் கூட எரிக்க விடுவதில்லை. எங்களுக்குச் சருகுதான் முதலீடு.

பேப்பர் கப்பைப் பற்றி ஒரு வார்த்தை. பேப்பர்தானே, மக்கிடும் என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். அதன் உள்பக்கம் மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு இருக்கிறது. உரக்குழியிலும் சேராது, பேப்பர் கடையிலும் எடுக்கமாட்டார்கள். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்த ஒருமுறை பயன்படுத்தும் பொருட்களில் அதுவும் உண்டு. கேண்டீனில் எவர்சில்வர் டம்ளர் வைத்த பிறகுதான் எங்கள் வேலை பாதி குறைந்தது. ஆயிரம் போஸ்டர் செய்யாததை ஒரு டம்ளர் செய்தது.

சகோதரிகளே, நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இனிமேல்தான். தரம் பிரிக்க வேண்டியது யார்? 2016-ஆம் ஆண்டு திடக்கழிவு மேலாண்மை விதிகள், குப்பையைப் போடுகிறவரே பிரித்துத் தரவேண்டும் என்று சொன்னது. நாப்கினைத் தனியாகச் சுற்றித் தரவேண்டும் என்றும் சொன்னது. ஆனால் நாங்கள் வேலைக்குப் போன புதிதில் உடைந்த கண்ணாடி, நாப்கின், மிஞ்சிய குழம்பு எல்லாம் ஒரே மூட்டையில் வந்தது. கையுறை கிடையாது. கை கழுவக் குழாய் கிடையாது. எங்களை வேலைக்கு அழைத்துப்போன ஒப்பந்ததாரர் இரண்டு மாதச் சம்பளத்தை இழுத்தடித்தார். அந்த வருஷம் நுழைவாயிலில் "பசுமை வளாகம்" என்று பலகை வைத்தார்கள். பலகைக்குப் பின்னால் வெறுங்கையோடு குப்பை பிரித்தது நாங்கள்.

அப்போது குழுக் கூட்டத்தில் புனே பெண்களைப் பற்றிப் பேசினோம். அங்கே எஸ்.என்.டி.டி. மகளிர் பல்கலைக்கழகத்தின் முதியோர் கல்வித் துறையினர் 1990-ஆம் ஆண்டுவாக்கில் குப்பை பொறுக்கும் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் எழுத்துச் சொல்லித்தரப் போனார்கள். பிரித்த குப்பை கையில் கிடைத்தால் அதே பெண்ணுக்கு வேலை நேரம் குறைகிறது, வருமானம் கூடுகிறது என்பதை அங்கே கண்டார்கள். 1993-இல் அந்தப் பெண்கள் ஒரு சங்கமாகச் சேர்ந்தார்கள். "காகத் காச் பத்ரா" என்று அதன் பெயர் தொடங்கும். காகிதம், கண்ணாடி, தகரம் என்று அர்த்தம். 2008-இல் மாநகராட்சியோடு ஒப்பந்தம் போட்டு "ஸ்வச்" என்ற கூட்டுறவாக வீடு வீடாகக் குப்பை எடுக்க ஆரம்பித்தார்கள். அதில் நான் எடுத்துக்கொண்டது ஒன்றுதான். அவர்கள் கூலி ஆளாகப் போகாமல், ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுகிற கட்சியாகப் போனார்கள்.

நாங்களும் தீர்மான நோட்டில் எழுதி, 12 பேரும் கையெழுத்துப் போட்டு, பதிவாளர் ஐயாவை நேரில் பார்த்தோம். "ஏம்மா, உங்களால ஒப்பந்தத்தை நடத்த முடியுமா?" என்று கேட்டார். "கடன் வாங்கித் தவணை தவறாம கட்டுறோம் ஐயா, கணக்கு எங்களுக்குப் புதுசு இல்லை" என்று எங்கள் பொருளாளர் அக்கா வங்கிப் பாஸ்புக்கை மேசையில் வைத்தார். நேரடி ஒப்பந்தம் வந்தது.

இந்த வேலைக்குப் போக நினைக்கும் குழுக்கள் கீழே சொல்வதைக் குறித்துக்கொள்ளுங்கள். சம்பளத் தேதியை ஒப்பந்தத்தில் எழுத வையுங்கள். கையுறை, காலணி, அடையாள அட்டை, கழிப்பறை, கை கழுவ இடம் யார் தருவது என்று எழுதுங்கள். அட்டையும் உரமும் விற்ற காசு யாருக்கு என்று எழுதுங்கள். எழுதாவிட்டால் அது நமக்கு வராது. ஆய்வகக் கழிவைத் தொடமாட்டோம் என்று எழுதுங்கள், அது அமிலமும் ரசாயனமும் கலந்தது. பிரிக்காத குப்பையை எடுக்காமல் திருப்பி அனுப்பும் உரிமையை எழுதுங்கள். எங்களுக்கு மரியாதை வாங்கித் தந்தது அந்தக் கடைசி வரிதான். ஒரு விடுதியில் மூன்று நாள் குப்பை அப்படியே நின்றது. நான்காம் நாள் பிள்ளைகளே பிரித்து வைத்தார்கள். இப்போது "அக்கா, இது எந்தத் தொட்டி?" என்று கேட்டுப் போடுகிறார்கள்.

வருகிற மார்ச்சோடு எங்கள் ஒப்பந்தம் முடிகிறது. அடுத்த முறை டெண்டர் என்கிறார்கள். அதற்கு ஆண்டு வரவுசெலவு பெரிய தொகையாகக் காட்டவேண்டும். 12 பேர் கொண்ட குழுவால் அது ஆகாது. பதிவு பெற்ற நம் கூட்டமைப்பால் ஆகும். 2016 விதிகளிலேயே, குப்பை எடுப்போரைச் சுய உதவிக் குழுக்களாக அமைத்து, அடையாள அட்டை கொடுத்து, இந்தப் பணியில் சேர்க்கும் பொறுப்பை உள்ளாட்சிகளுக்குக் கொடுத்திருந்தார்கள். நாம் கேட்பது சலுகை இல்லை.

ஆகவே தலைவி அக்காவிடம் ஒரே ஒரு கோரிக்கை. அடுத்த பொதுக்குழுவில் இதைத் தீர்மானமாக வையுங்கள். டெண்டரைக் கூட்டமைப்பின் பெயரில் போடுவோம். வேலையை நாங்கள் பார்க்கிறோம். கணக்கை மாதாமாதம் கொண்டுவந்து வைக்கிறோம். வளாகத்தில் எத்தனை மரம், எத்தனை சோலார் என்று எண்ணுகிறவர்கள், குப்பை பிரிக்கிற பெண்ணுக்குச் சம்பளம் எந்தத் தேதியில் வந்தது என்பதையும் சேர்த்து எண்ணட்டும்.