இரைப்பையில் வந்த மெலனோமா
(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



சிவில் படித்தவன் புற்றுநோயைப் பற்றிப் பேச வந்தால், "இவனுக்கு ஏன் இந்த வேலை?" என்று பின்வரிசையில் கேட்பது என் காதில் விழுகிறது. என் தாய்மாமாவுக்கு வந்த நோய் இது. அவருடைய ஃபைலைத் தூக்கிக்கொண்டு அலைந்தவன் நான். வைத்தியம் சொல்ல வரவில்லை. பார்த்ததையும் படித்ததையும் சொல்கிறேன்.

மாமாவுக்கு முதலில் வந்தது வெறும் அசதி. ரத்தம் குறைவு என்று ஓர் ஆஸ்பத்திரியில் இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார்கள். மலம் கறுப்பாகப் போயிற்று. மாத்திரையால்தான் என்றார்கள். அது பொய்யில்லை. ஆனால் இரைப்பையில் ரத்தம் கசிந்தாலும் மலம் கறுக்கும். தார் மாதிரி பிசுபிசுப்பும் கெட்ட வாடையும் இருக்கும். ஓவர்ஹெட் டேங்கில் தண்ணீர் இறங்கிக்கொண்டே இருந்தால் மோட்டாரைப் போட்டுக்கொண்டே இருப்போமா, கசிவைத் தேடுவோமா? எண்டோஸ்கோப்பி வரைக்கும் போக நாலு மாதம் ஆயிற்று.

உள்ளே ஒரு கட்டி, நடுவில் புண். மெலனோமா என்பது கறுப்பு நிறமி செல்லில் பிறக்கும் புற்று. ஆனால் நிறமியே இல்லாத மெலனோமாவும் உண்டு. மாமாவுடையது அந்த ரகம். முதல் பயாப்சி ரிப்போர்ட்டில் 'ஜிஸ்ட்' என்று வந்தது. அது இரைப்பைச் சுவரில் வரும் வேறொரு கட்டி. சிடி-117 என்ற சாயப் பரிசோதனை இரண்டிலுமே பாசிட்டிவாக வரலாம். அதை மட்டும் வைத்து முடிவு கட்டினால் வம்பு. இன்னொரு பெத்தாலஜி டாக்டர் எஸ்-100, எச்.எம்.பி.-45, மெலன்-ஏ என்று வரிசையாகப் போட்டுப் பார்த்தார். எல்லாம் பாசிட்டிவ்.

அடுத்த கேள்விதான் எனக்குப் பிடித்தது. இது இங்கேயே பிறந்ததா, வந்து தங்கியதா? கூரையில் நீர் சொட்டும் இடம் ஒன்று, விரிசல் இருக்கும் இடம் வேறு என்று நம் வகுப்பிலேயே படித்திருக்கிறோம். இரைப்பையில் காணப்படும் மெலனோமா பெரும்பாலும் தோலிலிருந்து பரவியதுதான். நிறமி செல்கள் இரைப்பையின் உட்சவ்வில் சாதாரணமாகக் கிடையாது. அதனால் இரைப்பையிலேயே பிறந்தது என்பதையே சந்தேகப்படும் டாக்டர்கள் உண்டு. தோலில் இருந்த மூலக் கட்டியை உடம்பின் எதிர்ப்புச் சக்தி அழித்திருக்கும், பரவியது மட்டும் மிஞ்சியிருக்கும் என்பது அவர்கள் வாதம். ஆகவே மாமாவை உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை பார்த்தார்கள். நக இடுக்கு, வாய், மூக்கு, ஆசனவாய், மருந்து விட்டு விழித்திரை, பிறகு பெட்-சிடி. "முன்னே எப்பவாவது மச்சம் எடுத்தீங்களா?" என்று மூன்று பேர் தனித்தனியாகக் கேட்டார்கள். எங்கும் ஒன்றும் இல்லை.

கறுத்த தோலுக்கு மெலனோமா வராது என்று நினைக்க வேண்டாம். பாடகர் பாப் மார்லிக்குக் கால்விரல் நகத்தடியில் வந்தது. 1981-ல், 36 வயதில் இறந்தார்.

ஒரே இடத்தில் இருந்தால் அறுவை சிகிச்சைதான் முதல் வழி. மாமாவுக்கு இரைப்பையில் ஒரு பகுதியை எடுத்தார்கள். பரவினால் பழைய கீமோவால் பெரிய பயன் இல்லை. 2011-ல் இபிலிமுமாப், 2014-ல் பெம்ப்ரோலிசுமாப், நிவோலுமாப் ஆகியவற்றுக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. இவை புற்றுசெல்லை நேராகத் தாக்குவதில்லை. நம் டி-செல்கள் மேல் விழுந்திருக்கும் பிரேக்கை எடுத்துவிடுகின்றன. அந்த பிரேக்கைக் கண்டறிந்த ஆலிசனுக்கும் ஹோஞ்சோவுக்கும் 2018-ல் நோபல் பரிசு. ஜிம்மி கார்ட்டருக்கு 2015-ல் மெலனோமா மூளைக்கே பரவியிருந்தது. பெம்ப்ரோலிசுமாப் எடுத்தார், 2024-ல் நூறு வயதில்தான் காலமானார். ஆனால் சவ்வில் பிறக்கும் மெலனோமா தோல் மெலனோமா அளவுக்கு இந்த மருந்துக்கு மசிவதில்லை. பிரேக்கை எடுத்த வண்டி வேறெங்காவது மோதவும் செய்யும்: குடல், தைராய்டு, ஈரல். விலையைக் கேட்டால் நமக்கே மயக்கம் வரும்.

மாமாவுக்கு ஒரு வருஷம் கழித்து ஈரலில் வந்தது. ஊசி சில மாதம் பிடித்து நிறுத்தியது. அறுவைக்குப் பிறகு மொத்தம் இரண்டு வருஷம் நாலு மாதம் இருந்தார். அதற்குள் என் தங்கை கல்யாணத்தில் தாய்மாமன் சீரைத் தானே தூக்கிவந்தார்.

ஒரு விஷயம், தம்பி தங்கைகளே. பயாப்சி சதையை மெழுகில் பதித்துப் பாரஃபின் கட்டியாக வைத்திருப்பார்கள். வருஷக்கணக்கில் கெடாது. எழுதிக் கொடுத்துக் கேட்டால் இரண்டாவது கருத்துக்காக வாங்கிப் போகலாம். மாமாவுடைய கட்டியை நான் சட்டைப் பையில் வைத்து பஸ்ஸில்தான் கொண்டுபோனேன். மேற்கொண்டு கேட்க வேண்டியதைச் சாப்பாட்டுப் பந்தியில் கேளுங்கள்.